செம்பனை மரமா, இல்லையா?

செம்பனை, அதாவது பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை, மரமா? இந்த ஒரு கேள்விக்கு நான் கட்டிய இணையத்தளம் இப்போது சொல்லும் பதிலில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி வரவில்லை. எங்கள் தமிழாசிரியருக்கும் வரவில்லை. கேள்வியைக் கேட்ட பிள்ளைக்குச் சுத்தமாக இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஒரு சந்தேகமாக எடுத்துப் பேசுவதே வேடிக்கைதான். டவுனை விட்டு வண்டியைத் திருப்பினால் கொஞ்ச தூரத்திலேயே செம்பனை நிரை நிரையாக நிற்கிறது. எங்கள் அப்பா காலத்தில் அங்கே ரப்பர் நின்றது. அதைப் பால்மரம் என்றார்கள், இதைச் செம்பனை மரம் என்கிறோம். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை. நான் கட்டிய விளையாட்டு ‘இல்லை’ என்று சொன்ன பிறகுதான் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பாதிப் பேர் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

விளையாட்டு எளிமையானது. தளம் ஒரு பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளும். பிள்ளைகள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வருகிற மாதிரி கேள்வி கேட்டு, இருபது கேள்விக்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் தாமான் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் டியூஷன் நடக்கிறது. இன்னும் தோட்டத்து லயங்களில் இருக்கும் பிள்ளைகளும் வருவார்கள், டவுனுக்கு வந்துவிட்டவர்களின் பிள்ளைகளும் வருவார்கள். கணக்குப் பாடம் முடிந்ததும் கைப்பேசியைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து அக்கினேட்டர் பூதத்தோடு விளையாடுவார்கள். 2007இல் பிரான்சில் ஆரம்பித்த விளையாட்டு, நாம் ஓர் ஆளை நினைத்துக்கொள்ள, பூதம் கேள்வி மேல் கேள்வி கேட்டு அது யார் என்று சொல்லிவிடும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. கேள்வி கேட்கிற வேலையெல்லாம் பூதத்துக்கு, பிள்ளைக்கு வெறும் பொத்தான் தட்டுகிற வேலை. இந்த விளையாட்டில் படிப்பு என்று ஏதாவது இருந்தால் அது கேள்வி கேட்பதில்தானே இருக்கிறது? அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. பகலில் தொழிற்சாலைக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான், இரவில் உட்கார்ந்து கட்டினேன்.

முதலில் தெரிந்த விஷயம், பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை, தாவுகிறார்கள். ‘யானையா?’, ‘மெஸ்ஸியா?’, ‘மைலோவா?’ என்று மூன்று கேள்வியை வீணாக்கிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார்கள். வெள்ளைப் பலகையில் அறுபத்து நான்கு பெயர்களை எழுதிப்போட்டு விளையாடிக் காட்டினேன். ‘உயிருள்ளதா?’ என்று கேட்டால் பாதி அழியும். மிச்சத்தில் பாதி, அதில் பாதி என்று போனால் ஆறே கேள்வியில் ஒற்றைப் பெயர் நிற்கும். அப்படியே இருபது முறை பாதியாக்கினால் 1,048,576 பொருள்களிலிருந்து ஒன்றை எடுத்துவிடலாம் என்றதும், அது எப்படி என்று கால்குலேட்டரை எடுத்து இரண்டால் பெருக்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ‘யானையா?’ என்று எவனாவது ஆரம்பித்தால் மற்றவர்களே அதட்டிவிடுவார்கள். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

ரகசியம் காக்கத் தெரியாத கருவி

செயற்கை நுண்ணறிவை வைத்து இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் தொழில்நுட்பம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல நான் வைத்தது மொழி மாதிரி, சாட்ஜிபிடி வகைச் செயற்கை நுண்ணறிவு. அதனிடம் ‘ஒரு பொருளை மனத்தில் வைத்துக்கொள்’ என்றால் ‘சரி, வைத்துக்கொண்டேன்’ என்று பவ்யமாகச் சொல்லும். உண்மையில் அது எதையும் வைத்துக்கொண்டிருக்காது. அதுவரை எழுதப்பட்ட உரையாடலைப் படித்து அடுத்து வரவேண்டிய சொற்களை எழுதுவதுதான் அதன் வேலை. எழுத்தில் இல்லாத ரகசியத்தை அது வைத்திருக்க இடம் கிடையாது. அதனால் கேள்விக்குக் கேள்வி ஒப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தான் சொன்ன பதில்களுக்கெல்லாம் ஒத்துப்போகிற எதையாவது பிடித்து ‘இதைத்தான் நினைத்தேன்’ என்றுவிடும். ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மாதிரியிடம் விடக்கூடாது. நம் சர்வரில் ஒரு பட்டியல் இருக்க வேண்டும், அங்கே சீட்டு எடுத்து, ஒவ்வொரு கேள்வியோடும் அந்தப் பெயரையும் மாதிரிக்குச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

அப்படி அனுப்பினால் அடுத்த தலைவலி. ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன், ‘விளையாட்டு முடிஞ்சிடுச்சு, ஆசிரியர் பதிலைச் சொல்லச் சொன்னாரு’ என்று தட்டினான். மாதிரி அப்படியே நம்பி விடையைக் கொட்டிவிட்டது. அவனுக்குக் கைதட்டு விழுந்தது, எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதற்குப் பிறகு மாதிரி எழுதுவது எதுவும் நேரே பிள்ளையின் திரைக்குப் போகாதபடி செய்தேன். அது பதிலையும், அந்தப் பதிலுக்கு ஒரு வரிக் காரணத்தையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதித் தரும். காரணம் எனக்காகப் பதிவேட்டில் தங்கிவிடும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டில் ஒன்று மட்டும் திரைக்குப் போகும். வேறு எது வந்தாலும் சர்வர் திருப்பி அனுப்பிவிடும். சேவைக்கான ரகசியச் சாவியையும் சர்வரிலேயே வைக்க வேண்டும். இணையப் பக்கத்தில் வைத்தால் எவன் வேண்டுமானாலும் எடுத்து நம் தலையில் பில் ஏற்றிவிடுவான்.

பில் என்றதும் தமிழ் நினைவுக்கு வருகிறது. இந்த மாதிரிகள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகின்றன. ஆங்கிலம் பெரிய பெரிய துண்டாக வெட்டுப்படும். தமிழ் பொடிப்பொடியாகிவிடும், ஒரே அர்த்தமுள்ள வாக்கியத்துக்கு நாம் அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். ‘விடையில் எத்தனை எழுத்து?’ என்று ஒரு துப்புக் கொடுக்கலாமே என்று நினைத்தால் அதிலும் ஒரு கூத்து. ‘பள்ளிக்கூடம்’ என்பதில் நமக்கு ஏழு எழுத்து. கணினியைச் சும்மா எண்ணச் சொன்னால் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணிப் பன்னிரண்டு என்கிறது. உயிர்மெய்யை ஒரே எழுத்தாகச் சேர்த்து எண்ண அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஒரே ஆட்டத்தில் தமிழ் எழுத்தில் ஒரு கேள்வி, ரோமன் எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி, நடுவில் ‘போக்கோக் கெ?’ (மரமா?) என்று மலாயில் ஒரு கேள்வி என்று கலந்தடிப்பார்கள். இத்தனையையும் அது முகம் சுளிக்காமல் புரிந்துகொள்கிறது. பழைய முறையில் நானே நிரல் எழுதியிருந்தால் இந்த ஒரு வேலைக்கே ஆயுள் போதாது.

செலவைக் குறைக்க, ஒரு பொருளுக்கு ஒரு கேள்வி ஒருமுறை கேட்கப்பட்டால் அந்தப் பதிலைச் சேமித்து வைத்துவிடுவேன். அடுத்த பிள்ளை அதையே கேட்டால் மாதிரியிடம் போகாமல் சேமிப்பிலிருந்து பதில் வரும். காசும் மிச்சம், ஆளுக்கொரு பதிலும் வராது. அன்றைக்கு மண்டபம் முழுக்க ஒரே ரகளையானதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘அப்ப எங்கப்பா என்னத்த வெட்டுறாரு?’

அன்றைய சீட்டு செம்பனை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்பிள்ளை, எங்கள் கூட்டத்திலேயே நிதானமாகக் கேள்வி கேட்பவள் அவள்தான், விளையாடிக்கொண்டிருந்தாள். உயிருள்ளதா? ஆம். விலங்கா? இல்லை. மனிதருக்குப் பயன்படுமா? ஆம். நம் ஊரில் இருக்கிறதா? ஆம். ஐந்தாவது கேள்வி: மரமா? இல்லை.

அந்த ‘இல்லை’யோடு அவள் ரப்பர், டுரியான், மா, ரம்புத்தான், தென்னை, செம்பனை எல்லாவற்றையும் மனத்தில் அடித்துவிட்டாள். சரியாகத்தான் செய்தாள், நான் சொல்லிக்கொடுத்ததே அதுதான். அப்புறம் கொடிகளில் தேடினாள், கீரைகளில் தேடினாள், காளான்வரை போனாள். இருபதும் தீர்ந்து திரையில் ‘செம்பனை’ என்று வந்ததும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே! அதற்குள் மற்ற கைப்பேசிகளிலும் அதே கேள்வி, அதே சேமிப்பு, அதே ‘இல்லை’. “அண்ணா, இது பொய் சொல்லுது!” என்று நாலு மூலையிலிருந்தும் சத்தம்.

பதிவேட்டைத் திறந்து மாதிரி எழுதியிருந்த காரணத்தைப் பார்த்தேன். செம்பனை ஒருவித்திலைத் தாவரம், அதன் தண்டில் ஆண்டுதோறும் கட்டையைத் தடிக்க வைக்கும் திசு இல்லை, எனவே தாவரவியல்படி அது உண்மையான மரம் இல்லை என்று எழுதியிருந்தது. வாய் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று, ஏனென்றால் அது பொய் இல்லை. பலா, வேம்பு போன்றவற்றில் பட்டைக்குக் கீழே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதுதான் உள்பக்கமாகக் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். பனை, தென்னை, செம்பனை வகைகளில் அது கிடையாது. அவை அடித்தண்டை முதலில் பருமனாக்கிக்கொண்டு, பிறகு உயரத்தில் மட்டும் வளர்கின்றன. வெட்டினால் வளையம் இருக்காது. இதைப் பிள்ளைகளுக்குப் பலகையில் படம் போட்டு விளக்கினேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள், அந்தப் பெண்ணைத் தவிர. அவளுடைய அப்பா தோட்டத்தில் பழம் வெட்டுபவர்.

“அப்ப எங்கப்பா தினம் என்னத்த வெட்டுறாரு? புல்லா?”

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த எங்கள் தமிழாசிரியர் (பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகின்றன, ஊருக்கே அவர் ‘சார்’தான்) பேனாவை மூடிவிட்டு, “ஆமாம்மா, புல்லுதான். தொல்காப்பியரே அப்படித்தான் சொல்றாரு,” என்றார்.

பிள்ளைகள் அவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் எழுந்து வந்து, என் படத்துக்குப் பக்கத்தில் மார்க்கரால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் ஓரத்தைத் தடிமனாக்கினார், இன்னொன்றில் நடுவைத் தடிமனாக்கினார். பொருளதிகாரத்தின் மரபியலில் இருக்கிறது: வெளியே வயிரம் (தண்டின் கெட்டியான பகுதி) உடையதெல்லாம் புல், உள்ளே வயிரம் உடையதெல்லாம் மரம். பனை, தென்னை, மூங்கில் எல்லாம் அந்தக் கணக்கில் புல்லில் சேரும். அதோடு விடாமல், புல்லுக்கு வருகிற உறுப்புகள் என்று ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்று தொல்காப்பியர் வரிசை போடுகிறார் என்றார் சார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “உங்கப்பா வெட்டுறது என்னம்மா?” என்றார். “குலை,” என்றாள். குரல் இறங்கியிருந்தது, கோபம் இறங்கவில்லை.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக அப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். அவள் வண்டியில் ஏறாமல் முறையீடு செய்ய ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் ஆவலாக இருந்தது. “அண்ணே, செம்பனை அடி உள்ளே எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“நான் பழம் வெட்டுறவன் தம்பி. மரத்தச் சாய்க்கிறது இப்பல்லாம் மிசின். இருபத்தஞ்சு வருசம் ஆச்சுன்னா, கம்பு எட்டாம போயிடும், தள்ளிட்டுப் புதுசா நடுவாங்க. தள்ளிப்போட்டத ரம்பத்தால அறுக்கறப்ப பார்த்திருக்கேன். ஓரத்துலதான் பல்லு சிக்கும். உள்ள போயிட்டா ஒன்னும் இல்ல, பிழிஞ்ச கரும்புச் சக்க மாதிரி, தண்ணியா ஒழுகும். பலகைக்கு ஆவாது.”

சார் ஒன்றும் பேசவில்லை. தாம் போட்ட முதல் வட்டத்தைக் கையால் காட்டினார். பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா, இதேதான்,” என்றார். மகளைப் பார்த்து, “ஆனா மரந்தான்மா அது,” என்றும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பதில் யாருடையது

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனை. அந்தப் பெண்ணின் அப்பா இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்: உள்ளே கட்டை இல்லை, ஆனாலும் மரம். அவருக்கு அதில் எந்த முரணும் இல்லை. என் நிரலுக்குத்தான் முரண்.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், “மாதிரியை மாற்றிப் பார், விலை கூடியதைப் போடு,” என்றார். போட்டேன். அது இன்னும் தெளிவாக, இன்னும் பிழையில்லாத தாவரவியலோடு ‘இல்லை’ என்றது. மலிவான ஒன்றைப் போட்டால் ஒருமுறை ‘ஆம்’, இன்னொருமுறை ‘இல்லை’. கூடுதல் அறிவு இந்த இடத்தில் உதவவில்லை. ‘மரமா?’ என்று அந்தப் பெண் கேட்டது எதற்காக? மிச்சமிருக்கும் பெயர்களில் பாதியை அழிக்க. அவள் தலையில் இருக்கும் பட்டியலில் தென்னையும் செம்பனையும் மரப் பக்கம்தான் இருக்கின்றன. பதில் சொல்கிறவன் அவள் கோடு போட்ட இடத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். தன் கோட்டில் நின்று சொன்னால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் இந்த ஆட்டத்துக்குள் பொய்க்குச் சமம்.

பொய்க்கு என்ன விலை என்பதற்குக் கணிதத்தில் கணக்கே இருக்கிறது. ஸ்தனிஸ்லாவ் உலாம் 1976இல் வெளிவந்த தன் வரலாற்றில் இந்தப் புதிரைப் போட்டார். பத்து லட்சம் எண்களில் ஒன்றை நினைத்தவர், பதில்களில் ஒரே ஒருமுறை பொய் சொல்லலாம் என்றால் எத்தனை கேள்வி தேவை? பொய் இல்லையென்றால் இருபது. ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால் இருபத்தைந்து என்று 1987இல் பெல்ச் என்ற கணிதவியலாளர் நிறுவினார். எங்கே பொய் வந்தது என்று தெரியாமலே அதைத் தாண்டிப் போக ஐந்து கேள்வி கூடுதலாகச் செலவாகிறது. எங்கள் பெண்ணுக்கு அந்த ஐந்து கேள்வி கிடைக்கவில்லை.

சாரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பிள்ளை நினைக்கிறதையே திருப்பிச் சொல்ல எதுக்கு இயந்திரம்? அதுக்குக் கண்ணாடி போதும்,” என்றார். தப்பாக வைத்திருந்த பட்டியல் அன்றைக்குத்தான் உடைந்தது, பிள்ளைகள் மரபியலைக் கேட்டதும் அந்த ‘இல்லை’யால்தான் என்பது அவர் கட்சி. அதுவும் சரி. ஒரு பிள்ளை தோற்றுப்போனதால் முப்பது பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று அவர் கணக்குச் சொல்கிறார். தோற்ற பிள்ளை அடுத்த வாரமும் வந்து உட்கார வேண்டுமே என்பது என் கவலை.

இது வெறும் பிள்ளை விளையாட்டு வாதமும் இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலகத்துக் காடுகளைக் கணக்கெடுக்க ஒரு வரையறை வைத்திருக்கிறது. அதில் ரப்பர் தோட்டங்கள் காட்டுக் கணக்கில் சேரும், செம்பனைத் தோட்டங்கள் சேராது. அதாவது எங்கள் அப்பா பால் வெட்டிய இடம் அந்தக் கணக்கில் காடு. அதே நிலத்தில் இன்று பழம் வெட்டினால் அது காடு இல்லை. அந்த வரையறை பார்ப்பது எதற்காகப் பயிரிடுகிறார்கள் என்பதை, தண்டுக்குள் வயிரம் எங்கே இருக்கிறது என்பதை இல்லை. ஒரே கேள்விக்குத் தாவரவியலில் ஒரு பதில், காட்டுக் கணக்கில் ஒரு பதில், எங்கள் ஊர் வாயில் ஒரு பதில். மூன்றையும் படித்திருக்கும் மொழி மாதிரி எதைப் பிடித்துக்கொண்டு வரும் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது.

அதனால் இப்போது தளம் வேறு விதமாக ஓடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. அதில் உள்ள விவரங்களை மனிதர்கள் எழுதுகிறோம். செம்பனையின் அட்டையில் இருப்பவை: பூர்வீகம் ஆப்பிரிக்கா. இந்நாட்டில் வணிகத்துக்கான முதல் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் பக்கத்தில், தென்னமரம் என்ற பெயர் கொண்ட தோட்டத்தில். இலை நரம்பு இணையாக ஓடும், ஆணிவேர் இல்லை. பழத்தின் சதையில் ஒரு எண்ணெய், கொட்டையின் பருப்பில் இன்னொரு எண்ணெய். ஒருகாலத்தில் ஆட்களை வைத்துச் செய்த மகரந்தச் சேர்க்கையை, 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்ன வண்டு எடுத்துக்கொண்டது. (இந்த வண்டுக் கதை பிள்ளைகளுக்குச் செம்பனையைவிடப் பிடித்துப்போனது. இப்போது வண்டுக்கே தனி அட்டை இருக்கிறது.) மாதிரியின் வேலை, பிள்ளை எந்த மொழியில் எப்படிக் கேட்டாலும் அதைப் புரிந்துகொண்டு அட்டையில் எந்த வரி அதற்குப் பதில் என்று பொருத்துவது மட்டும். அட்டையில் இல்லாததைக் கேட்டால் ‘அட்டையில் இல்லை’ என்று வரும், கேள்வி கழியாது, சார் பார்க்கும் பட்டியலில் போய்ச் சேரும். துன் சம்பந்தன் அட்டைக்கும் இதே ஏற்பாடு பயன்பட்டது. எங்கள் ஊர்க்காரர் என்பதால் பிள்ளைகள் அவரைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். மாதிரி பாராட்டுகிற உற்சாகத்தில் அவரை ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின்) முதல் தலைவர் ஆக்கிவிட்டது. அவர் ஐந்தாவது. அட்டை வந்த பிறகு அந்த உற்சாகம் அடங்கியது.

‘மரமா?’ என்ற கேள்விக்கு அட்டையில் ‘இரண்டும்’ என்று எழுதியிருக்கிறோம். இப்படிப் பதில் வந்தால் கேள்வி எண்ணிக்கையில் சேராது, ஆட்டம் முடிந்ததும் ஏன் இரண்டும் என்று ஒரு பத்தி திறக்கும். அதில் தொல்காப்பியமும் இருக்கிறது, ரம்பத்தின் பல் எங்கே சிக்கும் என்பதும் இருக்கிறது. சாருக்கு இது பிடிக்கவில்லை, நழுவுகிற பதில் என்கிறார். ஒரேயடியாக ‘இல்லை’ என்று சொல்லி வாதத்தை வரவழைக்க வேண்டும் என்பார். அந்தப் பெண்ணோ ‘ஆம்’ என்று போடச் சொல்கிறாள். எனக்குள்ளே உள்ள நெருடல் வேறு: ‘இரண்டும்’ என்ற ஒரு பொத்தான் இருப்பது தெரிந்துவிட்டால், அட்டை எழுதுகிறவர்கள் கஷ்டமான இடத்திலெல்லாம் அதில் போய் ஒதுங்கிவிடுவார்கள். ரொட்டி சானாய் இந்திய உணவா என்பதற்கு ஏற்கெனவே ‘இரண்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு விதி போட்டேன். ‘இரண்டும்’ என்று எழுத வேண்டுமானால் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு ஆள் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செம்பனை அட்டையில் ‘இல்லை’ பக்கம் சார் கையெழுத்து. ‘ஆம்’ பக்கம் அந்தப் பெண் தன் அப்பாவிடம் வாங்கி வந்தாள். காரணம் என்ற இடத்தில் அவர், ‘நிழல் தருது, மேலே பார்த்து வேலை செய்யணும், சாய்ஞ்சா ஆளை அடிக்கும்’ என்று எழுதியிருந்தார். தாவரவியலுக்கு அது போதாது. எனக்கு அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை, மாதிரியிடம் கேட்டிருந்தால் அது இந்த மூன்றையும் சொல்லியிருக்காது.

இப்போது புது அட்டைகளைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். அடுத்தது ரப்பர். ‘இங்கேயே பிறந்ததா?’ என்ற கேள்விக்குப் பாதிப் பேர் ‘ஆம்’ என்று எழுதி வந்திருந்தார்கள், தாத்தா பாட்டி எல்லாரும் அதில் வெட்டியவர்கள் என்பதால். பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கன்றுகள் கிழக்கே வந்து, 1877இல் கோலகங்சாரில் சில நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, நமக்கு அரைமணி நேர வண்டிப் பாதைதான் என்றதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவோம் என்று பிடிவாதம். வேன் பேசியாகிவிட்டது. வண்டி எண்ணெய்க் காசுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) என்று முடிவு, காலைப் பசியாறக் கோவிலிலேயே இட்லி. அந்தப் பெண் மட்டும் இன்னும் பெயர் கொடுக்கவில்லை, அப்பாவுக்கு அன்று லீவு கிடைத்தால் அவரும் வேனில் வரலாமா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறாளாம். இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.